தரை தொடாத் தூண்கள்

தருமபுரி நகரின் கோட்டைக் கோயிலைக் காணச் செல்வோர்க்கு ஊரார் தவறாமல் காட்டும் விந்தை ஒன்று உண்டு. அங்கே கருங்கல் தூண் தரையைத் தொடாமல் நிற்கிறது. தூணின் அடிக்கும் தளக்கல்லுக்கும் இடையே ஒரு தாளை நுழைத்து மறுபுறம் இழுத்துவிடலாம். தொங்கும் தூண் என்பது அதற்கு மக்கள் இட்ட பெயர். பழந்தகடூரின் கல்தச்சர்களுடைய கைத்திறனை வியந்து, சமய வேறுபாடின்றி யாவரும் அதனைக் கண்டு மகிழ்கின்றனர். ஆயினும் அந்த விந்தையில் ஒரு செய்தி மறைந்திருக்கிறது. அத்தூண் எதையும் தாங்கவில்லை. மேலே உள்ள கல்லால் அது தாங்கப்படுகிறது. ஆகவேதான் அது தரையைத் தொட வேண்டிய தேவை எழவில்லை.

நம் காலத்துத் தொங்கும் தூண்களின் நிலை வேறு. அவை மாடிமேல் மாடியாகப் பாரத்தைச் சுமந்து கீழே இறங்குகின்றன. ஆனால் தரைக்கு வந்து சேருவதில்லை. முதல் மாடியின் உத்தரத்தில் வந்து நின்றுவிடுகின்றன. கீழே கடைக்கு அகன்ற இடம் வேண்டும். வண்டிகள் நிறுத்த வேண்டும். விருந்து மண்டபத்தில் பார்வையை மறைக்கும் தூண் இருக்கக் கூடாது. மேலேயோ சிறு சிறு அறைகள், நெருக்கமான சுவர்கள். கீழும் மேலும் ஒன்றுக்கொன்று பொருந்தாதபோது, மேல்தூண்கள் கொண்டுவரும் பாரத்தை வாங்கிப் பக்கவாட்டில் நகர்த்திக் கீழ்த்தூண்களிடம் ஒப்படைக்க நடுவே ஒரு தளம் வேண்டியதாகிறது. இதனைப் பொறியாளர்கள் டிரான்ஸ்பர் புளோர் என்பர். நாம் சுமைமாற்றுத் தளம் எனலாம். ஆங்காங் நகரின் வானளாவிய குடியிருப்புகள் பலவற்றில் இரண்டு மீட்டருக்கும் மேற்பட்ட கனமுள்ள கான்கிரீட் தட்டுகள் இப்பணியைச் செய்கின்றன. நம் ஊர்ப் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள கடைவீதியிலோ, சாலைப்பக்கம் நீட்டிவிட்ட ஒரு பீமே இப்பணியைச் செய்துகொண்டிருப்பதைக் காணலாம். அளவு வேறு, செயல் ஒன்றே.

நிலம் அமைதியாக இருக்கும் நாளெல்லாம் இந்த ஏற்பாட்டில் குறை தோன்றுவதில்லை. பாரம் நேர்கீழாக இறங்குகிறது. உத்தரம் அதனை வாங்கிக் கொடுக்கிறது. நிலம் நடுங்கும் நொடியில்தான் கணக்கு மாறுகிறது.

நிலநடுக்கத்தின்போது கட்டடத்தை வெளியிலிருந்து எவரும் தள்ளுவதில்லை. அடித்தளம் நிலத்தோடு நகர்ந்துவிடுகிறது. மேலே உள்ள கனமோ இருந்த இடத்திலேயே இருக்க முயல்கிறது. தொப்பூர்க் கணவாயில் வளைந்திறங்கும் பேருந்தில் நின்றபடி பயணம் செய்தவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஓட்டுநர் திடீரெனத் தடை போட்டால் பாதம் பேருந்தோடு நின்றுவிடுகிறது. உடல் முன்னோக்கிப் பாய்கிறது. முழங்கால் தளர்ந்தவரே முதலில் விழுகிறார். கட்டடத்திலும் அவ்வாறே. ஐந்தாம் மாடியின் கனம் எழுப்பும் பக்கவாட்டு விசையை நான்காம் மாடி வாங்கித் தன் பங்கையும் சேர்த்து மூன்றாம் மாடிக்குத் தருகிறது. இப்படிக் கூடிக்கூடி இறங்கும் விசையின் முழுத்தொகையையும் செலுத்த வேண்டியது தரைத்தளம். எங்கே வலிமை மிகுதியாக வேண்டுமோ அங்கேதான் நாம் சுவர்களை நீக்கி, தூண்களைக் குறைத்து, வெளி விட்டு வைத்திருக்கிறோம். மேல்மாடிகள் செங்கற்சுவர்களால் அடைபட்டு ஒரே பெட்டிபோல் விறைத்து நிற்க, அசைவு முழுவதும் கீழ்த்தளம் என்னும் முழங்காலில் வந்து குவிகிறது.

இதற்கான பெரும் பாடம் நம் நாட்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது. 2001 ஜனவரி 26, குடியரசு நாள். காலை 8 மணி 46 நிமிடத்துக்குக் குஜராத்தின் கட்ச் பகுதியில் 7.7 அளவுள்ள நிலநடுக்கம் நிகழ்ந்தது. மாநிலத்தில் 13,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நடுக்கத்தின் மையத்தை அடுத்திருந்த பூஜ், பச்சாவ், அஞ்சார் போன்ற ஊர்கள் தரைமட்டமானதை எவரும் புரிந்துகொள்ள முடிந்தது. ஆனால் மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் 700-க்கும் மேற்பட்டோர் இறந்தது ஏன் என்பதே பொறியாளர்களைத் திகைக்கச் செய்தது. விடுமுறை நாளாதலால் குடும்பங்கள் வீடுகளில் இருந்தன. இடிந்தவற்றில் பல, பழைய மண்வீடுகள் அல்ல; அண்மையில் எழுந்த நான்கைந்து மாடிக் கான்கிரீட் குடியிருப்புகள்; பத்து மாடிக் கட்டடங்களும் அவற்றுள் உண்டு.

ஆய்ந்து நோக்கியபோது காரணங்கள் வெளிப்பட்டன. சபர்மதி ஆற்றின் வண்டல் படிந்த நிலம் தொலைவிலிருந்து வந்த அதிர்வைப் பெருக்கியது. அது இயற்கையின் பங்கு. மனிதரின் பங்கு வேறு. வண்டிகள் நிறுத்துவதற்காகத் தரைத்தளத்தைத் திறந்துவிட்டால் அந்தப் பரப்பு கட்டுமானக் கணக்கில் சேராது என்று நகர விதி சலுகை தந்திருந்தது. மேல்மாடிகளைத் தரைத்தளத்துக்கு வெளியே ஓரளவு நீட்டிக்கொள்ளவும் இடம் இருந்தது. எனவே கட்டுவோர் தரைத்தளத்தைச் சுவரின்றி விட்டனர். முதல் மாடியில் உத்தரங்களை வெளியே நீட்டி, அவற்றின் நுனியில் புறத்தூண்களை நிறுத்தினர். அந்தத் தூண்களுக்குக் கீழே தரைவரை ஒன்றுமில்லை. நீட்டிய கையின் விரல் நுனியில் குடத்தை வைத்துக்கொண்டு ஒருவர் ஓடுவதைப் போன்ற நிலை அது. நிலம் ஆடியபோது நீட்டிய உத்தரத்தின் நுனி மேலும் கீழுமாக அசைந்தது. அதன்மேல் நின்ற தூண்வரிசையும் அசைந்தது. கீழே இருந்த மெல்லிய தூண்கள் இரண்டு முனைகளிலும் நொறுங்கின. சில இடங்களில் மின்தூக்கிக்காகக் கட்டிய கான்கிரீட் கூண்டு மட்டும் தனியே நின்றது. மாடித்தளங்கள் அதனோடு உறுதியாகப் பிணைக்கப்படாமையால் பிரிந்து விழுந்திருந்தன. தாங்கவல்ல ஒன்று அருகிலேயே இருந்தும், அதனோடு கைகோக்காத காரணத்தால் வீடு வீழ்ந்தது.

இத்தகைய வேளைகளில் எல்லாம் இறைவனின் சோதனை என்று கூறி முடித்துவிடுவது எளிது. துயருற்றோர் அவ்வாறு கூறி ஆறுதல் தேடினால் அதனை மறுத்துப் பேச நமக்கு மனம் வராது. ஆனால் கட்டியவர்களும் அனுமதித்தவர்களும் அப்படிச் சொல்லித் தப்பிக்க இயலாது. நிலம் நடுங்கியது இயற்கையால். தூணைப் பாதியில் நிறுத்தியது மனிதக் கை.

அப்படியானால் சுமைமாற்றுத் தளமுள்ள கட்டடம் எதுவும் நிலநடுக்கத்தில் நிற்காதா? நிற்கும், ஆனால் அதற்குரிய விலையைச் செலுத்தியாக வேண்டும். அந்த விலை இன்னதென்று உலகம் இழப்புகளின் வழியாகவே கற்றது. கலிபோர்னியாவின் சான் பெர்னாண்டோ பகுதியில் 1971 பிப்ரவரி 9 அன்று நிகழ்ந்த நடுக்கத்தில், புதிதாகத் திறக்கப்பட்டிருந்த ஆலிவ் வியூ மருத்துவமனை பாழாயிற்று. மேல்மாடிகளில் கான்கிரீட் சுவர்கள்; கீழே வெறும் தூண்கள். மேற்பகுதி ஏறத்தாழ அப்படியே இருக்க, கீழ்த்தளம் பக்கவாட்டில் பெரிதும் சாய்ந்துவிட்டது. அங்கே பொறியாளர்கள் கண்ட ஒரு காட்சி இன்றளவும் பாடநூல்களில் இடம்பெறுகிறது. இடைவெளி விட்டு வளையங்கள் கட்டப்பட்ட மூலைத்தூண்கள் உதிர்ந்துபோயின. நெருக்கமான சுருள் கம்பியால் சுற்றப்பட்ட தூண்களோ, மேற்பூச்சு உதிர்ந்து வளைந்து நின்றபோதிலும், உள்ளிருந்த கான்கிரீட் சிதறாமையால் மேலுள்ள பாரத்தைக் கைவிடவில்லை. ஒரே தளம், ஒரே அதிர்வு. வேறுபாடு உள்ளே மறைந்திருந்த கம்பிச் சுற்றில்தான்.

நம் மாவட்டத்தார்க்கு இதனை விளங்கிக்கொள்ள ஒகேனக்கல் பரிசலே போதும். மூங்கிற் பத்தைகளால் பின்னிய அது பாறையில் மோதினால் நெளிகிறது. நெளிந்தபின் மீண்டும் தன் வடிவுக்கு வருகிறது. அதே நீரில் மண்பானை மோதினால் ஓடுதான் மிஞ்சும். கான்கிரீட் தன் இயல்பில் மண்பானையைச் சேர்ந்தது. சரியாகக் கட்டிய கம்பியே அதற்குப் பரிசலின் குணத்தைத் தருகிறது.

பிற்காலத்துப் பொறியியல் வகுத்த வழிகளை எளிமையாக இவ்வாறு தொகுக்கலாம். முதலாவது, எல்லாத் தூண்களும் தரைக்கு வர இயலாவிட்டாலும், மின்தூக்கியையும் படிக்கட்டையும் சூழ்ந்த நடுக்கூண்டுச் சுவர்கள் உச்சி முதல் அடித்தளம் வரை முறிவின்றி வரவேண்டும். ஒவ்வொரு தளமும் அவற்றோடு இறுகப் பிணைந்திருக்க வேண்டும். இரண்டாவது, கீழ்த்தளத்தின் விறைப்பு மேல்தளத்தைவிடத் திடீரெனக் குறையாதவாறு, கீழே கனமான சுவர்களும் பருத்த தூண்களும் அமைய வேண்டும். மூன்றாவது, சேதம் எங்கே நேரலாம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். மேல்மாடி உத்தரங்களின் முனைகள் சற்று வெடித்து, வளைந்து, அதிர்வின் ஆற்றலை உண்ணலாம். சுமைமாற்றுத் தளமும் அதைத் தாங்கும் தூண்களும் அதற்குள் தளர்ந்துவிடலாகாது. பலரின் பாரத்தை வாங்குபவர் பிறர் சோர்ந்த பின்னும் நிற்க வேண்டும் என்பதே இவ்விதியின் உட்பொருள். நான்காவது, அத்தளம் எவ்வளவு தாழ்வாக அமைகிறதோ அவ்வளவு நன்று. சீன நாட்டின் விதிகள் நடுக்கத்தின் கடுமைக்கேற்ப அது எத்தனையாவது மாடிக்குள் அமைய வேண்டும் என்று வரையறுத்திருக்கின்றன.

நம் நாட்டு விதிகளும் இப்பாடத்தைக் கற்றன. பூஜ் நடுக்கத்துக்குப் பின் 2002-இல் திருத்தப்பெற்ற இந்தியத் தரநிலை 1893, திறந்த தளத்தின் தூண்களையும் உத்தரங்களையும் வழக்கமான கணக்கைப்போல் இரண்டரை மடங்கு விசைக்கு வடிவமைக்குமாறு கூறியது. 2016 திருத்தம், பக்கவாட்டு விசையைத் தாங்கும் முதன்மை அமைப்பில் தரைக்கு வராத தூண்களை வைத்தல் ஆகாதென்றது. தூணின் வளையக் கம்பிகளை நெருக்கமாக இடவேண்டும் என்பதையும், அவற்றின் முனைகளை 135 பாகை அளவுக்கு உள்நோக்கி மடக்க வேண்டும் என்பதையும் தரநிலை 13920 வகுத்துள்ளது.

இவையெல்லாம் குஜராத்துக்கும் இமயமலைக்கும் உரியவை, நமக்கு எதற்கு என்று வாசகர் வினவக்கூடும். 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பகுதியை மையமாகக் கொண்டு ஏறத்தாழ 6 அளவுள்ள நடுக்கம் தென்னகம் முழுவதும் உணரப்பட்டது. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் எழுந்த நடுக்கம் சென்னையைக் கலங்கச் செய்தது. 2002 திருத்தத்தின் பட்டியல் பெங்களூருவை இரண்டாம் மண்டலத்திலும், சேலத்தையும் தருமபுரியையும் மூன்றாம் மண்டலத்திலும் வைத்தது. இது அச்சுறுத்தும் முன்னறிவிப்பன்று. நம் கருங்கல் நிலம் பொதுவாக அமைதியானதே. ஆனால் அமைதியான நிலத்தில் வாழ்வோர்க்கு ஒரு தனி இடர் உண்டு: குறைபாடுள்ள கட்டடம் ஆண்டுக்கணக்கில் தன் குறையைக் காட்டாமலே நிற்கும், பார்ப்பவர் அதையே மாதிரியாகக் கொண்டு அடுத்ததைக் கட்டுவர்.

இக்கேள்வி நம் பங்கிற்கே ஒருமுறை நேராக வந்தது. மறைக்கல்விக்கும் மாலைநேரப் படிப்புக்கும் அறைகள் வேண்டும், திருமணத்துக்கும் துக்க நிகழ்வுக்கும் மண்டபம் வேண்டும், இடமோ சிறிது. கீழே தூணில்லாத நாற்பதடி அகல மண்டபம், மேலே இரண்டு மாடிகளில் எட்டு வகுப்பறைகள் என்று ஒரு வரைபடம் பங்குப் பேரவைமுன் வைக்கப்பட்டது. பார்க்க அழகாக இருந்தது. முதியோர் படியேற வேண்டியதில்லை என்பதால் பலரும் மகிழ்ந்தனர். வகுப்பறைச் சுவர்களும் தூண்களும் மண்டபத்தின் கூரை உத்தரங்கள்மேல் நிற்க வேண்டியிருந்தது. அதாவது குழந்தைகள் அமர்ந்திருக்கும் இரண்டு மாடிகளும் தரை தொடாத் தூண்களின்மேல்.

கூட்டத்தில் கடைசி வரிசையில் அமர்ந்திருந்த கம்பி கட்டும் தொழிலாளர் ஒருவர் எழுந்தார். நம் மாவட்டத்து இளைஞர் பலரைப்போல் அவரும் பெங்களூருவில் பல்லாண்டு வேலை செய்தவர். “சாமி, இந்த மாதிரி பீமை நாங்க கட்டியிருக்கோம். எஞ்சினியர் சொன்னபடி கட்டினா நிக்கும். ஆனா ரிங்கோட கொக்கியை உள்ளே மடக்கிக் கட்டினா வேலை பாதிதான் நகரும். பக்கத்துல நின்னு பார்க்கிறவங்க இல்லைன்னா அது நடக்காது. கான்கிரீட் போட்ட பிறகு யாருக்குத் தெரியும்?” என்றார். மண்டபத்தில் சிறிது நேரம் பேச்சில்லை. எந்தப் பாடநூலும் இவ்வளவு தெளிவாகக் கூறியிருக்க முடியாது. நம்மால் அன்றாடம் அருகில் நின்று மேற்பார்வை செய்விக்க இயலுமா, அதற்கான பொருளும் ஆளும் நம்மிடம் உண்டா என்ற கேள்வியே வரைபடத்தின் அழகைவிடப் பெரிதாகிவிட்டது.

பொறியாளரோடு மீண்டும் அமர்ந்தோம். அவர் காட்டிய மாற்றுவழி மிக எளியது. அறைகள் கீழே வரட்டும். அவற்றின் தூண்கள் அடித்தளத்திலிருந்து நேரே எழட்டும். தூணில்லாத மண்டபம் உச்சி மாடியில், இலேசான தகரக் கூரையின்கீழ் அமையட்டும். அகன்ற வெளி மேலே இருந்தால் அதன்மீது நிற்க எந்த மாடியும் இல்லை. கூரையின் கனமும் குறைவு. பாரம் தன் வழியிலேயே இறங்கும்.

எனினும் இது இழப்பில்லாத தீர்வன்று. “இந்த முழங்காலோட நான் மூணாவது மாடிக்கு எப்படிச் சாமி ஏறுவேன்? என் பேத்தி கல்யாணத்தைக் கீழே நின்னு கேட்டுக்கணுமா?” என்று முதிய தாய் ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. கீழ்த்தளத்தில் இரண்டு அறைகளை இணைத்து, நடுவில் தூண்களோடு கூடிய சிறு கூடமொன்றை முதியோர்க்கும் துக்க நிகழ்வுகளுக்கும் ஒதுக்கினோம். மேலே செல்லச் சாய்தளப் பாதை அமைக்க நிதி சேர்க்கப்படுகிறது. அந்தத் தாய் முழு மனநிறைவு கொண்டார் என்று கூற இயலாது. ஆயினும், “மேலே பிள்ளைங்க படிக்கிற இடத்தைவிட என் கால் பெரிசில்லை” என்று அவர் கூறியதை நாம் மறக்கவில்லை. சாய்தளப் பாதை முடியும்வரை அந்தச் சொல் நம்மீது ஒரு கடனாகவே நிற்கிறது.

ஏற்கெனவே எழுந்துவிட்ட கட்டடங்கள் என்னாவது? அவற்றுக்கும் வழி உண்டு. திறந்த கீழ்த்தளத்தின் தகுந்த இடங்களில் அடித்தளம் முதல் புதிய கான்கிரீட் சுவர்களை எழுப்பலாம். மெலிந்த தூண்களைச் சுற்றிப் புதுக்கம்பி கட்டிக் கான்கிரீட் உறை போடலாம். எங்கே, எவ்வளவு என்பதைக் கட்டமைப்புப் பொறியாளரே கூற வேண்டும். தவறான மூலையில் எழுப்பிய ஒற்றைச் சுவர் கட்டடத்தை முறுக்கிவிடவும் கூடும். அவ்வாறே, வண்டி நிறுத்துமிடத்தில் இடைஞ்சலாக இருக்கிறதென்று ஒரு தூணையோ சுவரையோ கேளாமல் நீக்குவது, மேலே உறங்குவோர் அனைவரின் உயிரோடும் விளையாடுவதாகும்.

நம் மக்கள் பலர் வாழ்நாள் சேமிப்பைக் கொண்டு ஓசூரிலும் பெங்களூருவிலும் அடுக்குமாடி வீடு வாங்குகின்றனர். தரைக்கல்லின் பளபளப்பையும் சமையலறையின் வசதியையும் கேட்டறிகின்றனர். அன்பர்களே, இனி வீடு பார்க்கச் செல்லும்போது மேலே ஏறுமுன் வண்டி நிறுத்துமிடத்தில் சற்று நில்லுங்கள். அண்ணாந்து பாருங்கள். மேலிருந்து வரும் தூண்கள் உங்கள் பக்கத்தில் தரைவரை இறங்குகின்றனவா? இறங்காதவற்றின் பாரத்தை வாங்குவது எது? மின்தூக்கிக் கூண்டு மாடித்தளங்களோடு பிணைந்திருக்கிறதா? விற்பவரிடம் இவற்றைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். கட்டமைப்பு வரைபடத்தைக் கேட்டு வாங்கி, அறிந்தவரிடம் காட்டுங்கள். விடை சொல்லத் தயங்குபவரிடம் முன்பணம் கொடுக்க நீங்களும் தயங்குங்கள்.